துறைமுக ட்ரெய்லருக்கு நடை வாடகையா, மணி வாடகையா?

வடசென்னை ட்ரெய்லர்

சென்னைத் துறைமுகத்திலிருந்து மாதவரம், மணலி, திருவொற்றியூர் பக்கத்து சிஎஃப்எஸ் (துறைமுகத்துக்கு வெளியே கன்டெய்னர் வைத்து எடுக்கும் நிலையம்) யார்டுகளுக்குக் கன்டெய்னர் இழுப்பது என் தொழில். சொந்த வண்டி, கடன் பாக்கியோடு. இங்கே ஏற்றுமதிக்காரர்கள், சிஎச்ஏ (சுங்க ஏஜெண்ட்) நண்பர்கள், டிரைவர்கள் எல்லோரும் இருப்பதால் கேட்கிறேன்: இந்தக் குறுந்தூர ஓட்டத்துக்கு இன்னும் ஏன் நடைக்கு இவ்வளவு என்று வாடகை பேசுகிறோம்?

பெங்களூரு லோடு என்றால் டீசல்தான் பெரிய செலவு, கிலோமீட்டர் கணக்கு நியாயம். துறைமுகத்திலிருந்து மணலிக்கு ஓடுகிற வண்டிக்கு டீசல் பெரிய விஷயமே இல்லை. வங்கி டியூ, இன்சூரன்ஸ், ரோடு டாக்ஸ், எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று), டிரைவர் சம்பளம், இவை வண்டி ஓடினாலும் நின்றாலும் தேதி தவறாமல் வரும். ஒரு நாளில் இரண்டு நடை அடித்தால் அந்தச் செலவு இரண்டாகப் பிரியும். ஒரு நடையோடு பொழுது போனால் மொத்தமும் அந்த ஒன்றின் தலையில். எத்தனை நடை என்பதை நானா முடிவு செய்கிறேன்? கேட் வரிசை, ஸ்கேனிங், யார்டு கிரேன், அப்புறம் காலிப் பெட்டியை எங்கே இறக்கச் சொல்கிறார்கள் என்பது. இதில் ஒன்றுகூட என் கையில் இல்லை.

2013-ல் அரசு ஆட்டோ கட்டணம் நிர்ணயித்தபோது ஐந்து நிமிடக் காத்திருப்புக்கு 3.50 ரூபாய் என்று எழுதி வைத்தார்கள். 18 டயர் வண்டிக்கு அதுகூடக் கிடையாது.

மண்ணடி சிஎச்ஏ

அண்ணே, ஹால்டிங் என்று நிறுத்தக் கட்டணம் ஒன்று இருப்பதை வசதியாக மறந்துவிட்டீர்கள். ஒரு நாள் தாண்டினால் நாங்கள் கொடுக்கத்தானே செய்கிறோம்?

என் பக்கத்தையும் பாருங்கள். இறக்குமதியாளர் என்னிடம் கேட்பது ஒரே ஒரு எண். டியூட்டி, சிஎஃப்எஸ் செலவு, ஷிப்பிங் லைன் (கப்பல் கம்பெனி) செலவு, வண்டி வாடகை எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும் என்பார். "வண்டி வாடகை மட்டும் வரிசையைப் பொறுத்தது சார்" என்று சொன்னால் அடுத்த மாடியில் இருக்கிற ஏஜெண்டிடம் போய்விடுவார். மண்ணடியில் ஒரே கட்டடத்தில் எத்தனை ஏஜெண்ட் போர்டு தொங்குகிறது என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று. மணிக்கணக்கு என்று வந்துவிட்டால் வண்டி எர்ணாவூர் டீக்கடையில் நிற்கும், மீட்டர் என் கஸ்டமருக்கு ஓடும். யார் போய்ப் பார்ப்பது?

வடசென்னை ட்ரெய்லர்

தம்பி, ஹால்டிங் எப்போது ஆரம்பிக்கிறது? 24 மணி நேரத்துக்கு அப்புறம். இருபத்திரண்டு மணி நேரம் நின்று வெளியே வந்தால் ஒரு பைசா கிடையாது. அதற்கு மேல் நின்றாலும் பில் போட்டு, மெயில் போட்டு, மாதக்கணக்கில் அலைந்து, பாதியாகக் குறைத்து வாங்க வேண்டும். உங்கள் கஸ்டமரின் பெட்டி இலவச நாட்களைத் தாண்டினால் ஷிப்பிங் லைன் டாலரில் டிடென்ஷன் (தாமதக் கட்டணம்) போடுகிறதே, அதில் பேரம் பேசினீர்களா? சிஎஃப்எஸ் கிரவுண்ட் ரென்ட்டில்? பெட்டிக்கு வாடகை, பெட்டி நிற்கிற தரைக்கு வாடகை, பெட்டியைச் சுமந்து நிற்கிற வண்டிக்கு மட்டும் கும்பிடு.

டீக்கடைக் கதை வேண்டாம். டெர்மினல் கேட்டில் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் இரண்டும் பதிவாகிறது. சிஎஃப்எஸ்ஸிலும் அப்படியே. அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

மண்ணடி சிஎச்ஏ

போதாது என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் சொல்கிற கஷ்டத்தில் பாதி கேட்டுக்கு வெளியே சாலையில் நடப்பது. அந்த நேரத்துக்கு எந்தக் கம்ப்யூட்டரிலும் பதிவு கிடையாது. வரிசையில் கடைசி வண்டி எப்போது வந்து சேர்ந்தது என்று யார் சொல்வது? நீங்கள் சொல்வீர்கள், நான் நம்ப வேண்டும். அப்படித்தானே?

பதினெட்டு டயர்

நான் டிரைவர். முதலாளிகள் இரண்டு பேரும் பேசி முடித்திருந்தால் நானும் கொஞ்சம் சொல்கிறேன்.

எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை எப்படி நகரும் தெரியுமா? ஒரு வண்டி நீளம் நகரும், நிற்கும். மறுபடி ஒரு வண்டி நீளம். இன்ஜினை அணைத்துவிட்டுப் படுக்க முடியாது. கொஞ்சம் இடைவெளி விட்டால் பக்கத்துச் சந்திலிருந்து ஒருவன் மூக்கை நுழைத்துவிடுவான், அப்புறம் வாய்ச்சண்டை. லோடோடு அரை கிளட்ச்சில் ஊர்ந்து ஊர்ந்து கேபினுக்குள் கருகல் நாற்றம் வரும். கிளட்ச் பிளேட் தேய்ந்தால் "எப்படி ஓட்டினாய்" என்று என்னைக் கேட்பார்கள். ஒன்றுக்குப் போக வேண்டும் என்றால் பின்னால் நிற்கிற டிரைவரிடம் சொல்லிவிட்டு ஓட வேண்டும். 2025 அக்டோபருக்கு அப்புறம் தயாராகிற லாரிகளுக்கு கேபின் ஏசி கட்டாயமாம். பழைய வண்டிக்காரனுக்குப் பனியனைக் கழற்றுவதுதான் ஏசி.

இப்போது வடசென்னை அண்ணனுக்கு ஒரு கேள்வி. உங்களுக்கு மணி வாடகை வேண்டும், சரி. எங்களுக்கு நீங்கள் பேட்டா கொடுப்பது நடைக்குத்தானே? நின்ற மணிக்கு எந்த ஓனர் கொடுத்திருக்கிறார்?

மண்ணடி சிஎச்ஏ

இதுதான் கேள்வி! அண்ணன் எங்கே?

வடசென்னை ட்ரெய்லர்

இங்கேதான் இருக்கிறேன். என் கைக்கு வராததை நான் எப்படிக் கொடுப்பது? வாடகை நடைக்கு வருகிறது, பேட்டாவும் நடைக்குப் போகிறது. மேலே மாறினால் கீழேயும் மாறும்.

பதினெட்டு டயர்

டீசல் விலை ஏறியபோது வாடகை ஏறியது. பேட்டா ஏறியதா? மேலிருந்து கீழே தானாக எதுவும் இறங்காது அண்ணே. மணி வாடகை ஒப்பந்தம் எழுதினால் டிரைவர் பங்கு இவ்வளவு என்று அதே தாளில் எழுதுங்கள், நானும் உங்கள் பக்கம் கொடி பிடிக்கிறேன்.

ஒரகடம் ஏற்றுமதி

தொழிற்சாலை லாஜிஸ்டிக்ஸ் ஆள் நான். எல்லோரும் வரிசையை மழை, வெயில் போலப் பேசுகிறீர்கள். வரிசைக்குக் காரணம் உண்டு, அதில் எங்கள் பங்கும் உண்டு.

ஏற்றுமதிப் பெட்டியைக் கப்பலுக்கான கேட் திறந்த பிறகுதான் உள்ளே விடுவார்கள், கட்-ஆஃப் என்கிற கடைசி நேரம் தாண்டினால் விடமாட்டார்கள். தொழிற்சாலை என்ன செய்கிறது? கடைசி பேலட் தயாராகும் வரை இழுத்து, கட்-ஆஃபுக்கு முந்தைய நாள் மொத்தமாகப் பெட்டிகளைக் கிளப்புகிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை எல்லாம் அதே நேரத்தில் அதையே செய்கின்றன. பகலில் நகரத்துக்குள் கனரக வண்டிகளுக்குக் கட்டுப்பாடு. அதனால் எல்லோரும் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையைச் சுற்றி வந்து வடக்கே ஒரே சாலையில் இறங்குகிறோம். புயல் சின்னத்தில் இரண்டு கப்பல் தாமதமாகிச் சேர்ந்து வந்தால் கேட்கவே வேண்டாம். 2017-ல் சுங்கத்துறை மின்னணு முத்திரையோடு ஏற்றுமதியாளரே பெட்டியைச் சீல் வைக்கும் முறையைக் கொண்டுவந்தது. தொழிற்சாலையில் ஆய்வாளருக்காகக் காத்திருப்பது போனது. மிச்சமான நேரத்தைக் கேட்டில் விடுகிறோம்.

ஆக மணி வாடகை வந்தால் எனக்கு நஷ்டம்தான், ஆனால் எங்கள் புரொடக்ஷன் ஆட்களுக்கு அதைக் காட்டிப் பேச ஒரு பில் கிடைக்கும். இப்போது அவர்களைப் பொறுத்தவரை வண்டி நிற்பது இலவசம்.

துறைமுகம்–மதுரவாயல் மேம்பாலம் முடிந்தால் எல்லாம் சரியாகும் என்று இங்கே யாராவது எழுதும் முன் சொல்லிவிடுகிறேன். 2009-ல் அடிக்கல், 2012-ல் கூவத்தில் தூண் பிரச்சினை என்று நிறுத்தம், 2022-ல் ஈரடுக்காக மறுபடி அடிக்கல். பாலம் வந்தால் துறைமுகம் வரை வேகமாகப் போகலாம். கேட் அதே கேட்தானே.

மண்ணடி சிஎச்ஏ

பாலத்தை இவ்வளவு லேசாகத் தள்ளாதீர்கள். பகல் கட்டுப்பாடு இருப்பதால்தான் எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் வந்து குவிகிறது என்று நீங்களே சொன்னீர்கள். பகலிலும் வர வழி இருந்தால் கூட்டம் பரவும். சாலைக் குறையை என் கஸ்டமர் பில்லில் ஏன் எழுத வேண்டும்?

தென்கடல்

சிட்னியிலிருந்து. இங்கே போர்ட் பாட்னி துறைமுகத்திலும் ஒரு காலத்தில் இதே சண்டைதான். நியூ சவுத் வேல்ஸ் அரசு பத்து, பதினைந்து வருடங்களுக்கு முன் ஒரு விதி கொண்டுவந்தது. லாரி முன்பதிவு செய்த நேரத்துக்கு வராவிட்டால் லாரிக்காரர் டெர்மினலுக்கு அபராதம் கட்ட வேண்டும். நேரத்துக்கு வந்த லாரியை டெர்மினல் குறித்த நேரத்துக்குள் வெளியே விடாவிட்டால் டெர்மினல் லாரிக்காரருக்குக் கட்ட வேண்டும். இரண்டு பக்கமும் அபராதம் என்பதுதான் விஷயம். முன்பதிவு மட்டும் வைத்து ஒரு பக்கம் தண்டித்தால் அது லாரிக்காரனை அடிக்க இன்னொரு கம்பு, அவ்வளவுதான்.

லாஸ் ஏஞ்சலஸில் வேறு வழி பிடித்தார்கள். 2005-ல் பகலில் எடுக்கிற பெட்டிக்குக் கட்டணம், இரவில் இல்லை என்று வைத்தார்கள். கூட்டம் பிரிந்தது உண்மை. ஆனால் இரவு கேட் திறப்பதற்கு முன்னால் எல்லா லாரியும் வெளியே காத்திருக்க ஆரம்பித்தன. 2018-ல் அதை மாற்றி எல்லா நேரத்துக்கும் ஒரே கட்டணம், கூடவே முன்பதிவு என்று ஆக்கினார்கள். அங்கேயும் டிரைவர்களில் பெரும்பாலோர் பெட்டிக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர்கள்தான். நின்ற நேரத்துக்குக் காசு இல்லை என்பது அங்கேயும் பழைய புலம்பல்.

மண்ணடி சிஎச்ஏ

சிட்னியில் வண்டிக்காரர்கள் பெரிய கம்பெனிகள், சார். இங்கே ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருப்பவர்கள்தான் அதிகம். ஒருவர் மணி வாடகை கேட்டால் பக்கத்து ஷெட்காரர் "நான் நடைக்கே வருகிறேன், ஐந்நூறு குறைச்சல்" என்கிறார். நாளைக்கே எனக்கு வண்டி கிடைக்கும். இது என் குற்றமா? முன்பதிவு வைத்தால் எஃப்சி முடிந்த வண்டி, துறைமுகப் பாஸ் இல்லாத டிரைவர், பஞ்சர் ஸ்டெப்னி எல்லாம் ஸ்லாட்டைத் தவறவிடும். முதல் அபராதம் யாருக்கு என்று நினைக்கிறீர்கள்?

முத்துநகர் லோடு

தூத்துக்குடியிலிருந்து ஒரு வார்த்தை. எல்லோரும் கேட்டையே பேசுகிறீர்கள், எனக்குப் பெரிய வலி காலிப் பெட்டி. சரக்கை இறக்கியாச்சு, லைன் கொடுத்த கடிதத்தில் ஒரு யார்டு பெயர் இருக்கும். அங்கே போனால் "இடம் இல்லை, வேறு யார்டுக்குக் கடிதம் மாற்றி வா" என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை யார் மாற்றித் தருவார்கள்? திங்கள் வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அல்லது தரைப் பலகையில் எண்ணெய்க் கறை, பக்கவாட்டில் நெளிவு என்று சொல்லி எடுக்கமாட்டார்கள். அந்த நெளிவு பெட்டி கப்பலிலிருந்து இறங்கும்போதே இருந்தது, ஆனால் கேட்டில் எழுதிய தாளில் யாரும் குறிக்கவில்லை. அனுபவமுள்ள டிரைவர் உள்ளேயே நான்கு பக்கமும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வார். புதுப் பையன் மாட்டிக்கொள்வான்.

மணி வாடகை என்றால் இந்த நேரத்துக்கு யார் பொறுப்பு? இறக்குமதியாளர் தப்பு செய்யவில்லை, வண்டிக்காரரும் செய்யவில்லை. லைனை யார் கேட்பது?

நெறியாளர்

டெர்மினல், யார்டு பெயர்களைக் குறிப்பிட்டுத் திட்டிய இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. தொழிலைப் பேசுங்கள்.

ஒரகடம் ஏற்றுமதி

சட்டப் பக்கம் ஒன்று. 1961-ம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று இருந்தது. வேலை நேரத்தில் எதெல்லாம் சேரும் என்று வரும் இடத்தில், முனையத்தில் சும்மா இருக்கும் நேரம் பதினைந்து நிமிடத்துக்குள் இருந்தால் சேரும் என்று எழுதியிருந்தார்கள். எழுதியவர்கள் பஸ் நிலையத்தை மனதில் வைத்திருக்க வேண்டும். ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்குப் பொதுவாக அந்தச் சட்டமே பொருந்தவில்லை. இரண்டு வண்டி முதலாளியின் டிரைவர் அதற்குள் வரவே இல்லை.

பதினெட்டு டயர்

பதினைந்து நிமிடமா? பாஸ் தேடி எடுக்கவே அவ்வளவு ஆகும் சார்.

வடசென்னை ட்ரெய்லர்

சரி, மண்ணடித் தம்பி சொன்னதில் ஒன்று உண்மை. ரேட்டை உடைப்பது எங்கள் ஆட்கள்தான். அதனால் முழு மணி வாடகையை விடுங்கள், இப்படி வைப்போம். நடை வாடகை அப்படியே இருக்கட்டும். அதற்குள் ஆறு மணி நேரம் அடக்கம். அதற்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் ஒரு தொகை. ஒரு பேச்சுக்கு மணிக்கு ஐந்நூறு என்றால், அதில் நூற்றைம்பது டிரைவருக்கு, அதே பில்லில் தனி வரியாக. டீக்கடை பயம் இருந்தால் என் வண்டி ஜிபிஎஸ் லிங்க்கைப் புக்கிங் அன்றைக்கே அனுப்பிவிடுகிறேன். வண்டி எங்கே நிற்கிறது என்று உங்கள் கஸ்டமரே பார்க்கலாம்.

மண்ணடி சிஎச்ஏ

ஆறு இல்லை, எட்டு. என் பக்கம் டாக்குமெண்ட் குறை, டியூட்டி கட்டத் தாமதம், டெலிவரி ஆர்டர் (பெட்டியைக் கொடுக்கச் சொல்லி லைன் தரும் கடிதம்) வரவில்லை என்றால் அந்த மணி என் கணக்கு, மறுக்கவில்லை. உங்கள் வண்டிக் கோளாறு, பாஸ் இல்லை என்றால் கடிகாரம் நிற்கும். காலிப் பெட்டியை யார்டு திருப்பி அனுப்பினால் லைனிடம் நான் கேட்டுப் பார்ப்பேன், கிடைத்தால் கொடுப்பேன். கிடைக்காவிட்டால் பாதிப் பாதி. சாலை வரிசையை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வடசென்னை ட்ரெய்லர்

நான் பேச வந்ததே அந்த வரிசையைத்தான் தம்பி. அதை விட்டுவிட்டால் மிச்சத்தில் எனக்கு என்ன இருக்கிறது? ஜிபிஎஸ்ஸில் எண்ணூர் விரைவுச் சாலையில் வண்டி ஊர்வது தெரியும். நின்றது நானா, வரிசையா என்று முன்னால் பின்னால் நின்ற இரண்டு வண்டியின் லிங்க்கைச் சேர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பதினெட்டு டயர்

முன்னால் நிற்கிற வண்டிக்காரர் லிங்க் கொடுப்பாரா என்று முதலில் கேளுங்கள். அவர்தானே ஐந்நூறு குறைத்து ஓட்டுகிறவர்.

மண்ணடி சிஎச்ஏ

அண்ணே, எட்டு மணி நேரக் கணக்கில் ஒரு கஸ்டமரிடம் பேசிப் பார்க்கிறேன். நேரடி டெலிவரி பார்ட்டி, பெட்டி சிஎஃப்எஸ் போகாமல் துறைமுகத்திலிருந்து நேராக அவர் கம்பெனிக்குப் போவது. அவருக்கு அவசரம் புரியும். வெளி வரிசைக்கு ஒரு நடைக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேரம் என்று மேல் வரம்பு வைத்துக் கொட்டேஷன் அனுப்புங்கள், ஒப்புக்கொள்கிறாரா பார்ப்போம்.

வடசென்னை ட்ரெய்லர்

மூன்று போட்டு அனுப்புகிறேன். டிரைவர் வரியும் அதில் இருக்கும்.