கார் தரையை விட்டு எழவில்லை, அவசரம்

அரைச்சாவி
இன்ஜின் ஒரே முயற்சியில் ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் கார் படுத்தது படுத்தபடியே கிடக்கிறது. உயரம் மாற்றும் நெம்புகோலை உச்சிக்குத் தள்ளியும் பயனில்லை. சிவப்பு விளக்கும் அணையவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒருவர் பார்க்க வருகிறார், அதற்குள் எழுப்பியாக வேண்டும். என்ன செய்யலாம்?

நாலாம்கியர்
எந்தக் கார்? எந்த ஆண்டு? எவ்வளவு காலம் சும்மா நின்றது? டயரில் காற்று இல்லை என்கிறீர்களோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

பழைய பிஸ்டன்
நெம்புகோல் என்கிறார், எழவில்லை என்கிறார். சிட்ரோன் என்று இதிலேயே புரியாதவர்கள் பதில் எழுதாமல் இருப்பது நல்லது. தம்பி, ஸ்பியர் போய்விட்டது. எல்லாவற்றையும் மாற்றுங்கள். இதைப் பற்றி முன்பே விரிவாக எழுதியிருக்கிறேன். தேடிப் படித்துவிட்டு வந்து கேளுங்கள்.

நாலாம்கியர்
சிட்ரோன் சரி, அதில் எது? டிஎஸ், ஜிஎஸ், சிஎக்ஸ், பிஎக்ஸ், எக்ஸ்எம் எல்லாமே எண்ணெய் அழுத்தத்தால் படுத்து எழும் கார்கள்தான். தொட்டியில் இருக்கும் எண்ணெய் என்ன நிறம்?

அரைச்சாவி
படத்தைப் பார்த்தாலே தெரியுமே. பிஎக்ஸ்தான்.

நாலாம்கியர்
படம் எதுவும் வரவில்லை. நிறம்?

அரைச்சாவி
பச்சை.

பச்சை நெஞ்சம்
நல்லது, எல்எச்எம், பிஎக்ஸுக்கு உரிய எண்ணெய்தான். வேறு எதையும் யாரும் ஊற்றிவிடவில்லை.

ஸ்பியரை மாற்றச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த இரும்பு உருண்டைக்குள் குறுக்கே ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது. ஒரு பக்கம் நைட்ரஜன், மறுபக்கம் எண்ணெய். நைட்ரஜன்தான் ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. அது கசிந்து தீர்ந்துவிட்டால் சாலையின் ஒவ்வொரு பள்ளமும் உங்கள் முதுகெலும்பில் தெரியும். ஆனாலும் கார் எழும். எழுப்புவது பம்ப் தரும் அழுத்தம். ஆகவே இரண்டு கேள்விகள். முன்பக்கமாவது சற்று எழுகிறதா? இன்ஜின் ஓடும்போது முன்புறமிருந்து 'டக்' என்ற சத்தம் வருகிறதா, வந்தால் எத்தனை நொடிக்கு ஒரு முறை?

திருகுமறை
பின்பக்க உயரக் கட்டுப்பாட்டு வால்வை அசைக்கும் கம்பி துருப்பிடித்து இறுகியிருக்கும். நின்றே கிடக்கும் பிஎக்ஸ்களில் இதுதான் வழக்கம். கம்பியில் துரு நீக்கி அடித்து, கையால் மெல்ல அசைத்துப் பாருங்கள்.

பச்சை நெஞ்சம்
அப்படியானால் பின்பக்கம் மட்டும்தானே படுத்திருக்க வேண்டும்? சிவப்பு விளக்கு ஏன் எரிகிறது? அதோடு, கம்பியை அசைக்கிறேன் என்று யாரும் காருக்கு அடியில் தலையை நீட்ட வேண்டாம். எழுந்து நிற்கும் பிஎக்ஸ் எந்த நொடியிலும் இறங்கலாம். ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்த பிறகே கீழே போக வேண்டும்.

சுருள்வில்
விற்றுத் தொலைத்துவிட்டு இரும்பு ஸ்பிரிங் போட்ட காராக வாங்குங்கள். யாரும் விரும்பாத காரை வைத்துக்கொண்டு ஏன் இந்தப் பாடு?

பழைய பிஸ்டன்
யாரும் விரும்பாத காரா? பிஎக்ஸ் 1982 முதல் 1994 வரை 23 லட்சத்துக்கு மேல் தயாரானது. வடிவமைத்தது பெர்டோனே நிறுவனத்தில் இருந்த மார்செல்லோ கந்தினி. லம்போர்கினி கவுன்டாஷை வரைந்த அதே கை. எதுவும் தெரியாமல் பேசக் கூடாது.

சுருள்வில்
23 லட்சத்தில் இன்று சாலையில் எத்தனை? வாங்கியவர்களே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். என் கணக்கில் அதுதான் விரும்பாமை.

நாலாம்கியர்
இதில் இரண்டு வகை உண்டு. யாரும் வாங்காததால் அரிதானது ஒன்று, எல்லோரும் வாங்கித் தூக்கி எறிந்ததால் அரிதானது மற்றொன்று. ரெனோ அவான்டைம் முதல் வகை. 2001இல் வந்து 2003இல் நின்றது, மொத்தமே 9,000ஐத் தொடவில்லை. நடுத்தூண் கிடையாது. ஒரே பொத்தானில் கண்ணாடிகளும் கூரையும் திறந்துகொள்ளும். நீளமான கதவுகள் குறுகிய இடத்திலும் திறக்க இரட்டைக் கீல். இப்படி ஒன்றை யார் கேட்டார்கள் என்று புரியவில்லை. எனக்கு ஒன்று வேண்டும் என்பது மட்டும் தெரிகிறது.

திருகுமறை
ஃபியட் மல்டிப்ளாவை விட்டுவிட்டீர்களே. முன் கண்ணாடிக்கு அடியில் ஒரு மடிப்பு, அதில் தனியாக இரண்டு விளக்குகள். ஊரே சிரித்தது. 1999இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அதைக் காட்சிக்கு வைத்தது. முன்னால் மூவர், பின்னால் மூவர் என ஆறு பேர் உட்காரலாம், கார் நான்கு மீட்டர்தான். 2004இல் அந்த மடிப்பை நீக்கி முகத்தைச் சாதாரணமாக்கினார்கள். அதோடு அதைக் கனவு காண ஒன்றுமில்லாமல் போய்விட்டது.

பழைய பிஸ்டன்
போன்டியாக் ஆஸ்டெக்கையும் அழகு என்பீர்கள் போலிருக்கிறது.

திருகுமறை
அழகு என்று நான் எங்கே சொன்னேன்? ஆஸ்டெக்குக்குப் பின்கதவோடு இணையும் கூடாரமும் காற்று மெத்தையும் அன்று தனியாக வாங்க முடிந்தது. காரிலேயே தூங்குவது இன்று எல்லோருக்கும் ஆசை. அன்று அதே காரைக் கேலி செய்தார்கள்.

அரைச்சாவி
முன்பக்கமும் எழவில்லை. டக் சத்தமே இல்லை. ஓட்டிக்கொண்டே போனால் எழுமா?

பச்சை நெஞ்சம்
ஓட்டவே வேண்டாம்! பிரேக்குக்கும் அதே எண்ணெய், அதே அழுத்தம். சிவப்பு விளக்கு அணையாமல் ஒரு அடிகூட நகர்த்தாதீர்கள்.

டக் சத்தம் அழுத்த ரெகுலேட்டரிலிருந்து வருவது. அடிக்கடி வந்தால் அதன் மேலுள்ள உருண்டை காலி என்று பொருள். ஒரு முறைகூட வரவில்லை என்றால் பம்ப் எண்ணெயை அனுப்பவே இல்லை. பம்ப் பெல்ட் சுழல்கிறதா என்று முதலில் பாருங்கள். சுழன்றால் தொட்டியிலிருந்து பம்புக்குப் போகும் தடித்த ரப்பர் ஹோஸைப் பாருங்கள். வீட்டு மோட்டார் காற்று பிடித்தால் வெறுமனே சுற்றுமே, அதே கதைதான். இது உறிஞ்சும் பக்கம். சிறு வெடிப்பு வழியே காற்று உள்ளே போகும், வெளியே ஒரு சொட்டுகூடக் கசிய வேண்டியதில்லை. தரை காய்ந்திருப்பதைப் பார்த்து ஹோஸ் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். இரு முனைகளையும் வளைத்துப் பாருங்கள், கிளிப் இருக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் வெடிக்கும்.

மாற்றிய பின் ஹோஸுக்குள் எல்எச்எம் ஊற்றி நிரப்பி மாட்டுங்கள். ரெகுலேட்டரில் 12 மி.மீ. ஸ்பேனருக்கான திருகை ஒரு சுற்று தளர்த்துங்கள், கழற்றிவிட வேண்டாம். இன்ஜினை மிதமான வேகத்தில் சிறிது நேரம் ஓடவிட்டு, திருகை இறுக்கிவிட்டுக் காத்திருங்கள். எழுந்த பிறகு, நெம்புகோலை உச்சியில் வைத்து, இன்ஜின் ஓடும்போதே தொட்டியின் அளவைப் பார்க்க வேண்டும். படுத்திருக்கும்போது பார்த்தால் நிறைய இருப்பதாகத் தோன்றும்.

பழைய பிஸ்டன்
இவ்வளவு சுற்றி வளைப்பானேன்? ஸ்பியரை மாற்றும்போது இதெல்லாம் தானாகவே பார்க்கப்படும்.

நாலாம்கியர்
தானாகவே எப்படி? உருண்டை ஒரு மூலையில், ஹோஸ் இன்னொரு மூலையில்.

சுருள்வில்
ஏஎம்சி பேசரை யாரும் சொல்லவில்லையே. 1975இல் வந்தபோது பயணி பக்கக் கதவு ஓட்டுநர் கதவைவிட ஏறத்தாழ 10 செ.மீ. நீளம். பின்னிருக்கைக்குப் போவோர் நடைபாதைப் பக்கமாக ஏறட்டும் என்று.

திருகுமறை
விற்கச் சொன்னவருக்குப் பேசரின் கதவு நீளம்வரை தெரிந்திருக்கிறது!

சுருள்வில்
தெரிந்து வைத்திருப்பது வேறு, வாங்குவது வேறு.

அரைச்சாவி
ஹோஸ்தான். எழுந்துவிட்டது. நன்றி.

மூன்றாம்கதவு
அரைச்சாவி, எந்த அளவு ஹோஸ் போட்டீர்கள்? என் பிஎக்ஸும் இதே நிலையில் இருக்கிறது. பிரேக் எண்ணெய்க்கான ஹோஸ் ஒரு துண்டு கைவசம் உண்டு, போடலாமா?

பச்சை நெஞ்சம்
போடாதீர்கள். எல்எச்எம் கனிம எண்ணெய். பிரேக் எண்ணெய்க்கான ரப்பர் அதில் ஊறினால் உப்பி மென்மையாகிவிடும். கனிம எண்ணெயைத் தாங்கும் ரப்பராகப் பார்த்து வாங்குங்கள். அளவுக்குப் பழைய ஹோஸையே கழற்றி எடுத்துப் போங்கள். உங்கள் கார் எந்த ஆண்டு, எவ்வளவு காலம் நின்றது?

மூன்றாம்கதவு
அரைச்சாவி சொல்லட்டும் என்று பார்க்கிறேன்.

பழைய பிஸ்டன்
அவர் இனி வரமாட்டார். ஸ்பியரை மாற்றுங்கள்.