அடித்தவன் தர வேண்டிய பணத்தை அரசு ஏன் தர வேண்டும்?

செந்தில் (தாராபுரம்):
வீட்டுக்குள் அடிபடும் பெண்களுக்கும் அரசே இழப்பீடு தர வேண்டும் என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை. ஆசிட் வீச்சு என்றால் சரி, அரசு தரட்டும். கட்டியவன் அடித்தால் அவன் சம்பளத்திலும் சொத்திலும்தான் பிடிக்க வேண்டும். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 20, 22ஆம் பிரிவுகள் அதற்காகத்தான் இருக்கின்றன. கஜானாவிலிருந்து எடுத்துக் கொடுத்தால் அடித்தவனுக்கு எங்கே வலிக்கும்?

மலர்விழி:
செந்தில் அண்ணா, நான் இலவச சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தன்னார்வலராக இருக்கிறேன். மனு போட்டால் மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து அறுபது நாளில் முடிவு என்று அந்தச் சட்டம் சொல்கிறது. நான் கூடப் போன வழக்குகளில் சம்மன் சேரவே அதைவிட நாளாகிவிட்டது. உத்தரவு வந்த பிறகும் அவன் வேலையை விட்டுவிட்டதாகச் சொல்வான், வண்டியைத் தம்பி பெயருக்கு மாற்றுவான். அதுவரை அவள் இரண்டு பிள்ளைகளோடு பிறந்த வீட்டில் அண்ணி முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். வாடகை வீட்டு அட்வான்ஸுக்குக் கையில் காசில்லாமல் அடித்தவனிடமே திரும்பிப் போனவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று. அரசு தருவது புதிதல்ல. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357ஏ பிரிவு 2009 டிசம்பர் 31 முதல் இருந்தது. இப்போது புதிய சட்டத்தில் அது 396. குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும் இழப்பீடு கேட்கலாம். உச்ச நீதிமன்றம் ஏற்ற 2018ஆம் ஆண்டு இழப்பீட்டுத் திட்டத்தில், பெண்ணுக்குக் கொடுங்காயம் (எலும்பு முறிவு போன்ற பெரிய காயம்) என்றால் ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம் வரை. அடித்தது அந்நியனா, புருஷனா என்று அந்த அட்டவணை கேட்பதில்லை.

கணக்கர்_63:
அம்மா, உங்கள் அக்கறை புரிகிறது. முப்பது வருடம் அரசுக் கணக்கு பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இரண்டு பயம். ஒன்று, பணம் வரும் என்று தெரிந்தால், "அதை வாங்கிக்கொண்டு கேஸை விடு" என்று ஊர்ப் பெரியவர்களே அவளை நெருக்குவார்கள். இரண்டு, அவனோடு சேர்ந்து வாழும் வீட்டுக்குள் பணம் போனால் அது யார் கைக்குப் போகும்?

ராஜன் (லண்டன்):
ஐயா, உங்கள் இரண்டாவது பயம் பிரித்தானியாவிலும் இருந்தது. இங்கே 1964இல் அரசு இழப்பீட்டுத் திட்டம் தொடங்கியபோது, ஒரே கூரையின் கீழ் குடும்பமாக வாழ்ந்தவர் தாக்கினால் இழப்பீடு கிடையாது என்று விதி வைத்தார்கள். பணம் தாக்கியவனுக்கே போய்விடும் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. 1979இல் விதியைத் தளர்த்தினார்கள். ஆனால் அந்த ஆண்டு அக்டோபருக்கு முன் நடந்தவற்றுக்குக் கதவு மூடியே கிடந்தது. சிறுவயதில் சொந்த வீட்டிலேயே சீரழிக்கப்பட்டவர்கள் அதனால் வெறுங்கையோடு நின்றார்கள். அந்த விதி செல்லாது என்று 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லி, 2019இல்தான் அதை நீக்கினார்கள். பயத்தை வைத்து விதி எழுதினால் அடிபடுவது யார் என்று பாருங்கள்.

மலர்விழி:
நன்றி ராஜன் அண்ணா. கணக்கர் ஐயா, நம் திட்டத்தில் தொகை அவள் பெயரிலுள்ள கணக்குக்குத்தான் போகும். 75 சதவீதத்தைக் குறைந்தது மூன்று வருடத்துக்கு வைப்பில் போட்டு, 25 சதவீதத்தைத்தான் உடனே எடுக்க விடுகிறார்கள். உங்கள் பயத்துக்கு அது ஓரளவு பதில். ஆனால் வாடகை வீடு பார்க்க வேண்டியவளுக்கு அந்த 25 போதாது என்பது என் வருத்தம்.

முதல் பயம் நியாயமானது, மறுக்க மாட்டேன். இழப்பீடு வாங்கினாலும் வழக்கு நடக்கும் என்று ஒவ்வொரு பெண்ணிடமும் முதலிலேயே சொல்கிறோம்.

செந்தில் (தாராபுரம்):
ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் அக்காவுக்கு இரண்டு வருடம் முன்பு வலது கை முறிந்தது. மாமா செய்ததுதான். ஆஸ்பத்திரியில் படியில் விழுந்ததாக எழுத வைத்தார். அக்காவும் தலையாட்டிவிட்டாள். ஒரு பைசாகூட அவரிடமிருந்து வரவில்லை. அந்தக் கோபத்தில்தான் அவரிடமே பிடிக்க வேண்டும் என்கிறேன்.

மலர்விழி:
அண்ணா, எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். சம்பவம் நடந்து மூன்று வருடத்துக்குள் மனு போடலாம், உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஏ.ஆர். காப்பியில் (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல்) படியில் விழுந்ததாக இருப்பது சிக்கல்தான், ஆனால் அதோடு முடிந்துவிடாது. எக்ஸ்ரே இருக்கிறதா? மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அந்த நகலோடு ஆணைக்குழுவுக்கு வரலாம். அரசு தந்த தொகையை மாமாவிடமிருந்து வசூலிக்கவும் திட்டத்தில் இடமுண்டு.

கணக்கர்_63:
அந்த வசூலை நடத்திக் காட்டினால் என் எதிர்ப்பில் பாதி போய்விடும். நான் பார்த்தவரை அது ஏட்டில்தான் இருக்கிறது.

செந்தில் (தாராபுரம்):
எக்ஸ்ரே அம்மாவின் பீரோவில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன். அக்கா சம்மதித்தால் திங்கள்கிழமை கூட்டி வருகிறேன். எந்த மாவட்டத்தில் மனு போட வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், அடிபட்டது ஒரு ஊர், இப்போது இருப்பது வேறு ஊர்.