கடவாப் பல்லு பாதி உடைஞ்சிருச்சு, காப்பாத்துறதா புடுங்குறதா?

தலவாக்கலை_அக்கா: தங்கச்சிக்கு 19 வயசு. கீழ் கடவாப் பல்லுல நாக்குப் பக்கம் அப்படியே உடைஞ்சு உள்ள கருப்பா குழி, ராத்திரி படுத்தா வலி கூடுது. எக்ஸ்ரே பார்த்த டொக்டர் ரூட் கெனல் பண்ணி (உள்ள இருக்கிற நரம்பை எடுத்து அடைக்கிறது) கிரவுண் (பல்லுக்கு மேல மூடுற உறை) போடலாம், இல்லாட்டி எடுத்துறலாம், யோசிச்சு சொல்லுங்கன்னாரு. என்ன செய்றது?

லயத்துக்காரன்: புடுங்குங்க, வேற பேச்சே இல்ல. அரசாங்க ஆஸ்பத்திரியில காசில்லாம ஒரே நாள்ல முடிஞ்சிரும். ரூட் கெனல்னா பல தரம் போகணும், போற நாளெல்லாம் தோட்டத்துல பேர் விழாது, சம்பளமும் இல்ல, பஸ் காசு வேற, கடைசியில கிரவுணுக்கு பெரிய காசு. எங்க தோட்டத்துல பாதி பேரு கடவாப் பல்லு இல்லாமத்தான் ரொட்டியும் சம்பலும் தின்னுறாங்க.

கம்பளை_நிஷா: அண்ணே, பாதி பேருக்கு பல்லு இல்லங்கிறது புடுங்குறதுக்கு ஒரு காரணமா?? அது அனேகமா முதல் நிரந்தரக் கடவாப் பல்லா இருக்கும், 6 வயசுல பால் பல்லுக்குப் பின்னாடி சத்தமில்லாம முளைக்கிறது, எதுவும் விழாம வர்றதால அதையும் பால் பல்லுன்னு நினைச்சு விட்டுறாங்க, அதான் முதல்ல சொத்தையாகுது. 19 வயசுல எடுத்தா பின் பல்லு அந்த ஓட்டைக்குள்ள சாயும், மேல் பல்லு கீழ இறங்கும், எலும்பும் கரையும். பிள்ளை இன்னும் எத்தனை வருசம் சாப்பிடணும்!

லயத்துக்காரன்: தங்கச்சி, பேச நல்லாத்தான் இருக்கு. எங்க மாமா ரூட் கெனல் பண்ணி ஒரு வருசத்துல பல்லு ரெண்டா பிளந்து கடைசியில புடுங்கித்தான் ஆனாரு. காசும் போச்சு பல்லும் போச்சு.

பழைய_டென்டல்காரன்: மாமா கிரவுண் போட்டாரா?

லயத்துக்காரன்: இல்ல, வலி நின்னுருச்சுன்னு விட்டுட்டாரு.

பழைய_டென்டல்காரன்: அதான் விசயம். நரம்பு எடுத்து குடைஞ்ச கடவாப் பல்லுல சுவர் மெல்லிசா போயிரும், மேல மூடலன்னா கடிக்கிற பாரத்துல பிளக்கும், அதுக்கு ரூட் கெனலை குத்தம் சொல்லி என்ன பண்றது. அக்கா, டொக்டர்கிட்ட ரெண்டு விசயம் கேளுங்க. ஈறுக்கு மேல சுத்திவர கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் நல்ல பல்லு மிஞ்சுமா, ஏன்னா கிரவுண் அதைப் பிடிச்சுத்தான் நிக்கும். அடுத்தது வெடிப்பு வேர் வரைக்கும் இறங்கிருச்சா. இறங்கியிருந்தா நிஷா சொல்றதை மறந்துட்டு எடுத்துருங்க. இல்லன்னா பேராதனை பல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைக்க துண்டு எழுதித் தர முடியுமான்னு கேளுங்க. கிரவுணுக்கு இப்பவே காசு சேர்க்க வழியில்லன்னா லயத்துக்காரர் பக்கமும் நியாயம் இருக்கு.

கம்பளை_நிஷா: சீட்டுப் பிடிச்சாவது போடலாம். கலியாண வீட்டுக்கு மொய் எழுத மட்டும் கடன் வாங்குறோமே.

தலவாக்கலை_அக்கா: இன்னைக்கு காலையில இருந்து வலியே இல்லங்கிறா, பார்மசியில வாங்கின அமொக்சிலின் (கிருமியைக் கொல்ற மாத்திரை) கேட்டுருச்சு போல. அப்ப கொஞ்சம் பொறுக்கலாமா?

பழைய_டென்டல்காரன்: வேணாம். நரம்பு செத்தாலும் வலி நிக்கும், கிருமி வேர் நுனியில இருந்துக்கிட்டே இருக்கும், மாத்திரை வீக்கத்தைத்தான் அடக்கும். தாடைக்கு கீழ வீங்கி காய்ச்சலோட முழுங்கக் கஷ்டமா இருந்தா கிளினிக் நாள் பார்க்காம உடனே பெரியாஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுங்க.

லயத்துக்காரன்: அதுக்குத்தான் சொன்னேன், புடுங்கியிருந்தா இந்தப் பயமே இல்ல 😏