நாள் முழுக்க நின்றே வியாபாரம்: கால் நரம்பு சுருட்டலை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

டீக்கடைக்காரன்:
மதுரைப் பக்கம் டீக்கடை. விடிகாலை 4.30-க்கு பாய்லர் பற்றவைத்தால் இரவு 9 வரை நின்றபடிதான். இடது கெண்டைக்காலில் நரம்பு நீலமாகப் புடைத்திருக்கிறது. சாயங்காலமானால் கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. வெரிகோஸ், அதாவது நரம்பு சுருட்டல் என்று சொல்லி ஓய்வெடுக்கச் சொல்கிறார் டாக்டர். கடையை மூடினால் வாடிக்கை எதிர்க்கடைக்குப் போய்விடுமே?

சலூன் தம்பி:
எனக்கும் இதேதான் அண்ணே. டாக்டர் அளவெடுத்து எழுதிக்கொடுத்த இறுக்கமான காலுறையைக் காலையில் படுக்கையை விட்டு இறங்கும் முன்பே மாட்டிவிடுவேன். கால் வீங்கிய பிறகு போராடினாலும் ஏறாது. வெயிலில் அரிக்கும், சரி, பழகிவிடும்.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
அசையாமல் நிற்பதுதான் கெடுதல். கெண்டைச் சதை சுருங்கி விரிந்தால்தான் ரத்தம் மேலே ஏறும். டீ போடும்போது கைக்கு வேலை இருக்கிறது, காலுக்கு இல்லையே! குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். மதியம் காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல் வைத்துப் படுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வலியோடு வீங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

டீக்கடைக்காரன்:
நன்றி அக்கா. மத்தியானம் 2 முதல் 4 வரை ஷட்டரை இறக்கப் போகிறேன். அந்த நேரத்தில் ஈதான் ஓட்டுகிறேன்; வீட்டம்மாவும் ரொம்ப நாளாக இதைத்தான் சொல்கிறாள். தம்பி, காலுறையைத் துவைத்தால் தொளதொளத்துப் போகாதா?