புதுப்பிப்பு: ஸ்கேன் நார்மல், அடிவயிற்று வலி மட்டும் அப்படியே
ஆறு மாதத்துக்கும் மேலாக அடிவயிற்றில் வலி, ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தேன். அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டவர்களுக்காக இது.

வேறொரு பெண்கள் நல மருத்துவரைப் பார்த்தேன். கர்ப்பப்பைதான் காரணம் என்றில்லையாம். சிறுநீர்ப்பை, குடல், தசை, நரம்பு எதுவாகவும் இருக்கலாம். எண்டோமெட்ரியோசிஸ்கூட (கர்ப்பப்பையின் உட்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளர்வது) சாதாரண ஸ்கேனில் தெரியாமல் போகலாம். பரிசோதித்ததில், எனக்கு இடுப்புத்தளத் தசைகள் (சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, குடலைக் கீழிருந்து தாங்குபவை) இறுகிக் கிடக்கின்றன. இங்கே சிலர் சொன்ன கீகல் பயிற்சியை (இதே தசைகளை இறுக்கி இறுக்கி விடுவது) உடனே நிறுத்தச் சொன்னார். இறுகிய தசையை மேலும் இறுக்கினால் வலி கூடத்தானே செய்யும்!

இப்போது பிசியோதெரபிஸ்டிடம் தசையைத் தளர்த்தப் பழகுகிறேன். வலி போகவில்லை, ஆனால் தூங்க முடிகிறது. மாதவிடாய் நாட்களில் மட்டும் பழைய கதைதான். அதனால் லேப்ராஸ்கோபி (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் உள்ளே பார்ப்பது) தேவையா என்று அடுத்த முறை பேசலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். "கல்யாணமானா சரியாயிடும்" என்ற அத்தையிடம் இதையெல்லாம் இன்னும் சொல்லவில்லை.