ஆப்பிள் ஹெல்த் எடுக்கிற சைக்கியாட்ரிக் நர்ஸ் ப்ராக்டிஷனர் யாராவது தெரியுமா? தம்பிக்கு மாத்திரை தீரப்போகுது (வாஷிங்டன், ரென்டன் பக்கம்)

ரென்டன்_அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். தம்பிக்காகக் கேக்குறேன், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க. அவன் என்கூடத்தான் ரென்டன்ல இருக்கான், சிட்டிசன், கல்யாணம் ஆகல. லேஆஃப் ஆகி கம்பெனி இன்ஷூரன்ஸ் போச்சு, கோப்ரா, அதாவது பழைய கம்பெனி இன்ஷூரன்ஸையே முழுக் காசும் நாமளே குடுத்துத் தொடர்றது, அது கட்டுற நெலமைல இல்ல, அன்எம்ப்ளாய்மென்ட் பணமும் முடிஞ்சுது, அதனால வாஷிங்டன் ஹெல்த்பிளான்ஃபைண்டர்ங்கிற ஸ்டேட் வெப்சைட்ல அப்ளை பண்ணி ஆப்பிள் ஹெல்த், அதாவது வருமானம் கம்மியா இருக்கிறவங்களுக்கு அரசாங்கம் குடுக்குற நம்ம ஸ்டேட் மெடிக்கெய்ட், கிடைச்சிடுச்சு. கார்டும் வந்தாச்சு.

பிரச்சனை இனிமேதான். அவனுக்கு பைபோலார் டூ, மனநிலை ரொம்ப ஏறி இறங்குற நோய். அதுக்கு லாமோட்ரிஜின்னு மனநிலையைச் சீரா வைக்கிற மாத்திரை 200 எம்ஜி எடுக்குறான், அதுல நல்லா நிலையா இருக்கான். இதுவரைக்கும் பாத்துட்டிருந்த சைக்கியாட்ரிஸ்ட் மெடிக்கெய்ட் எடுக்கமாட்டாராம். சரி வேற ஆள் பாப்போம்னு பிளானோட வெப்சைட்ல சைக்கியாட்ரிக் நர்ஸ் ப்ராக்டிஷனர், அதாவது மனநல மருந்து எழுதுற நர்ஸ்னு தேடினா பெரிய லிஸ்ட் வருது, ஆனா கூப்பிட்டுப் பாத்தா ஒரு நம்பர் வேலை செய்யல, ஒருத்தர் ஊர் மாறிப் போயிட்டாராம், இன்னொரு எடத்துல தெரபி மட்டும்தான் மருந்து எழுதமாட்டோம்னாங்க, மிச்ச எடத்துலல்லாம் புது பேஷன்ட் எடுக்கல. பிளான் பேரு இங்க வேண்டாம், எல்லா பிளான்லயும் இதே கதைதான்னு கேள்விப்பட்டேன்.

கையில இருக்கிற மாத்திரை இந்த மாசக் கடைசி வரைக்கும்தான். போன தடவை இந்த மருந்து இல்லாம இருந்தப்போ அவன் எப்படி இருந்தான்னு நான் பாத்திருக்கேன், அதான் பதட்டமா இருக்கு. அப்பா வேற திருச்சில இருந்து ஃபோன் பண்ணி, நர்ஸ்கிட்ட எதுக்குப் போறீங்க, நல்ல டாக்டரா பாருங்கன்னு சொல்றார். யாராவது இந்தப் பக்கம் ஆப்பிள் ஹெல்த்ல மருந்துக்கு ஆள் பிடிச்சிருந்தா எப்படின்னு சொல்லுங்க ப்ளீஸ்.

பெல்வியூ_வாசி:

அக்கா, முதல்ல ஃபோன்ல கேக்கிற கேள்வியை மாத்துங்க. "மெடிக்கெய்ட் எடுப்பீங்களா"ன்னு கேட்டா ரிசப்ஷன்ல ஆமான்னுதான் சொல்வாங்க, அப்புறம் இன்டேக், அதாவது முதல் தடவை விவரம் கேட்டு சேத்துக்கிற விசிட் அன்னைக்கு உங்க பிளான் இல்லன்னு திருப்பி அனுப்புவாங்க. ஏன்னா ஆப்பிள் ஹெல்த்ங்கிறது ஒரே இன்ஷூரன்ஸ் மாதிரி தெரிஞ்சாலும் உள்ள அஞ்சு கம்பெனி நடத்துது, மொலினா, கோஆர்டினேட்டட் கேர், கம்யூனிட்டி ஹெல்த் பிளான் ஆஃப் வாஷிங்டன், யுனைட்டட்ஹெல்த்கேர் கம்யூனிட்டி பிளான், வெல்பாயிண்ட்னு. ஒரு கிளினிக் இதுல ரெண்டோட மட்டும் கான்ட்ராக்ட் வச்சிருக்கும். அதுலயும் சில கம்பெனி மார்க்கெட்ப்ளேஸ்லயும், அதாவது நாமளே காசு குடுத்து இன்ஷூரன்ஸ் வாங்குற எடத்துலயும், பிளான் விக்குது, அதனால கம்பெனி பேரை மட்டும் சொன்னா அந்த பிளான்னு நினைச்சுக்குவாங்க.

இப்படிக் கேளுங்க: "இன்ன கம்பெனியோட ஆப்பிள் ஹெல்த் பிளான், குழந்தைக்கு இல்ல பெரியவருக்கு, தெரபி இல்ல மருந்துக்கு, மருந்து எழுதுற ஏஆர்என்பி இப்ப புது பேஷன்ட் எடுக்கிறாரா, முதல் அப்பாயின்ட்மென்ட் எப்போ." ஒரே மூச்சுல இவ்ளோவும் கேட்டுடணும். வாஷிங்டன்ல நர்ஸ் ப்ராக்டிஷனரை ஏஆர்என்பின்னுதான் சொல்வாங்க, தேடுறப்பவும் அந்தப் பேர்ல தேடுங்க. அப்புறம் ப்ரொவைடர்ஒன்னு ஸ்டேட் அனுப்புற ஆப்பிள் ஹெல்த் கார்டுல இருக்கிற நம்பர், டபிள்யூஏன்னு முடியும், அதைக் கையில வச்சுக்கிட்டே பேசுங்க, அங்கயே செக் பண்ணச் சொல்லுங்க.

கென்ட்_நர்ஸ்:

நான் இந்தப் பக்கம் ஒரு கிளினிக்ல ஆர்என், அதாவது ரெஜிஸ்டர்டு நர்ஸ். உங்க தம்பியை நான் பாக்கல, அதனால இது வைத்திய ஆலோசனை இல்ல, ஆனா லாமோட்ரிஜின்னு பாத்ததும் சொல்லாம இருக்க முடியல.

இந்த மருந்து நடுவுல அறுந்துபோகக் கூடாது. மத்த சில மருந்து மாதிரி ஒரு வாரம் விட்டுட்டு மறுபடி அதே 200ல ஆரம்பிக்க முடியாது. அஞ்சு நாளுக்கு மேல விட்டுப்போச்சுன்னா பொதுவா 25 எம்ஜில இருந்து வாரக்கணக்குல படிப்படியா ஏத்திட்டு வரணும், இல்லன்னா ஸ்டீவன்ஸ் ஜான்சன்னு சொல்ற மோசமான தோல் ரியாக்‌ஷன் வர்ற ஆபத்து கூடும். வேற மருந்தும் சேத்து எடுத்தா இந்தக் கணக்கு மாறும். அதனால சைக்கியாட்ரிக் ஏஆர்என்பி கிடைக்கிற வரைக்கும் காத்திருக்கிறதுங்கிற பேச்சே வேண்டாம். ரெண்டு வேலை தனித்தனி. ஒண்ணு மாத்திரை தொடரணும், இன்னொண்ணு நிரந்தரமா ஒரு ஆள். முதல் வேலையை இன்னைக்கே பாருங்க.

பழைய சைக்கியாட்ரிஸ்ட் ஆஃபீஸ்க்கு மெசேஜ் போடுங்க, "இன்ஷூரன்ஸ் மாறுது, புது ஆள் கிடைக்கிற வரைக்கும் ப்ரிட்ஜ் ரீஃபில் வேணும், லாமோட்ரிஜின், நிறுத்த முடியாது"ன்னு. மருந்தோட பேரைச் சொன்னாலே பெரும்பாலும் எழுதிக்குடுத்துடுவாங்க, அவங்களுக்கும் விஷயம் தெரியும். அப்படியே ரெக்கார்ட்ஸும் கேட்டு வாங்கிடுங்க. அது நடக்கலன்னா ப்ரைமரி கேர், அதாவது பொது டாக்டர். லாமோட்ரிஜின் கன்ட்ரோல்டு மருந்து (பழக்கமாயிடும்னு சட்டம் கட்டுப்படுத்துற மருந்து) இல்ல, ஃபேமிலி டாக்டரோ ஃபேமிலி நர்ஸ் ப்ராக்டிஷனரோ பழைய டோஸ் எழுதின பாட்டிலைப் பாத்துட்டு தொடரலாம். கடைசி நேரம் வரைக்கும் ஒண்ணுமே நடக்கலன்னா எப்பவும் வாங்குற பார்மசில பார்மசிஸ்ட்கிட்ட எமர்ஜென்சி சப்ளை கேளுங்க.

இப்ப ரெண்டாவது வேலை. தனியா ப்ராக்டிஸ் பண்றவங்களை விட்டுட்டு கம்யூனிட்டி ஹெல்த் சென்டர் பக்கம் போங்க. ஹெல்த்பாயிண்ட், சீ மார், ஐசிஎச்எஸ் மாதிரி எடங்க. இவங்க ஃபெடரல் மானியம் வாங்குற சென்டர்கள், காசு இல்லன்னு யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது, மெடிக்கெய்ட்தான் அவங்களுக்கு அன்றாட வேலையே. அங்க போனா முதல்ல ப்ரைமரி கேர்ல சேத்துக்குவாங்க, அதே கட்டடத்துல பிஹேவியரல் ஹெல்த், அதாவது மனநல ஆளும் இருப்பாங்க. கொலாபரேட்டிவ் கேர்னு ஒரு முறை இருக்கு, நம்ம யுனிவர்சிட்டி ஆஃப் வாஷிங்டன்ல உருவாக்கினது, 2002ல 1,801 வயசானவங்களை வச்சு நடத்தின ஆய்வு வெளிவந்தப்புறம் நாடு முழுக்கப் பரவினது. ப்ரைமரி டாக்டர் மருந்து எழுதுவார், கேர் மேனேஜர் அப்பப்போ ஃபோன் பண்ணி எப்படி இருக்கீங்கன்னு கேட்டு நோய் எவ்ளோ குறைஞ்சிருக்குன்னு ஸ்கோர் எழுதுவார், பின்னாடி ஒரு சைக்கியாட்ரிஸ்ட் உக்காந்து கேஸைப் பாத்து ஆலோசனை சொல்வார். அது டிப்ரெஷனுக்குத்தான் முதல்ல வந்தது, பைபோலாருக்கு கடைசில தனி ஆள் தேவைப்படலாம், ஆனா அந்த ரெஃபரல் உள்ள இருந்தே போகும், நீங்க லிஸ்டைப் பிடிச்சுத் தொங்கவேண்டாம்.

அப்பாகிட்ட சொல்லுங்க, இது வார்டுல பிபி பாக்குற நர்ஸ் இல்ல. ஆர்என் முடிச்சு அதுக்கு மேல மாஸ்டர்ஸோ டாக்டரேட்டோ சைக்கியாட்ரில படிச்சு நேஷனல் சர்ட்டிஃபிகேட் வாங்கினவங்க. வாஷிங்டன்ல டாக்டர் மேற்பார்வை இல்லாமலே நோயைக் கண்டுபிடிச்சு மருந்து எழுத சட்டப்படி அதிகாரம் இருக்கு. லித்தியம் மாதிரி கவனமாக் குடுக்கவேண்டிய பைபோலார் மருந்து வரைக்கும் எழுதுறவங்க. நான் பாத்த நல்ல கிளினீஷியன்கள்ல பாதிப்பேர் இவங்கதான், ஒரு விசிட்டுக்கு நேரம் குடுத்து பேசுறவங்க.

சோழிங்கநல்லூர்2சான்ஹோசே:

இவ்ளோ அலையறதுக்கு ஊர்ல இருந்து மாத்திரை வரவழைச்சிடுங்க சிஸ்டர். அங்க ஸ்ட்ரிப் ரொம்ப சீப். வீடியோ கால்ல சென்னை டாக்டர் ஒருத்தரைப் பாத்தா வேலை முடிஞ்சுது. எங்க சர்க்கிள்ல நெறைய பேர் அப்படித்தான் பண்றாங்க.

கென்ட்_நர்ஸ்:

நல்ல எண்ணத்துல சொல்றீங்க, ஆனா இந்த விஷயத்துல வேண்டாம் சகோ. சென்னை டாக்டர் எவ்ளோ நல்லவரா இருந்தாலும் பேஷன்ட் உக்காந்திருக்கிற ஸ்டேட்ல லைசென்ஸ் வேணும், அவர் எழுதின சீட்டை இங்க பார்மசில எடுக்கமாட்டாங்க. கூரியர் கஸ்டம்ஸ்ல மாட்டிக்கிட்டா எத்தனை நாள் நிக்கும்னு யாருக்கும் தெரியாது, இந்த மருந்துக்கு அந்த இடைவெளிதான் ஆபத்தே. ராத்திரி ரெண்டு மணிக்கு தம்பிக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரைக் கூப்பிடுவாங்க? காசுக்காகன்னாலும் அவசியம் இல்ல, லாமோட்ரிஜின் ஜெனரிக், ஆப்பிள் ஹெல்த்ல அவர் கையில இருந்து ஒரு பைசா போகாது.

ரென்டன்_அக்கா:

கென்ட் நர்ஸ், உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. அஞ்சு நாள் விஷயம் எங்க யாருக்கும் தெரியாது, இந்த நிமிஷமே தம்பிகிட்ட காமிச்சேன், பழைய ஆஃபீஸ்க்கு மெசேஜ் போட்டுட்டான்.

இன்னொரு சந்தேகம். பிளானோட மெம்பர் சர்வீஸஸ்க்கு நான் கூப்பிட்டேன், அவனோட விவரம் எதுவும் என்கிட்ட பேசமாட்டோம்னு வச்சுட்டாங்க. அவனுக்கு இப்ப ஃபோன் எடுத்துப் பேசுறதே பெரிய பாடா இருக்கு. நான் எப்படி அவனுக்காகப் பேசுறது?

பெல்வியூ_வாசி:

அக்கா, ஸ்பீக்கர்ல போட்டு அவனைப் பக்கத்துல உக்கார வைங்க. அவன் பேரு, பிறந்த தேதி சொல்லி "என் அக்கா எனக்காகப் பேச சம்மதிக்கிறேன்"னு ஒரு வாக்கியம் சொன்னாப் போதும், அந்தக் காலுக்கு செல்லும். அதே கால்லயே எப்பவும் பேசுறதுக்கான ஆத்தரைசேஷன் ஃபார்ம் அனுப்பச் சொல்லுங்க, கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டா அப்புறம் அவன் இல்லாமலே பேசலாம். கிளினிக்லயும் இதே மாதிரி தனியா ஒரு ஃபார்ம் உண்டு, முதல் நாளே வாங்கிடுங்க.

கால்ல லிஸ்ட் அனுப்புறேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க. லிஸ்ட் உங்ககிட்டயே இருக்கு. "லிஸ்ட்ல இருக்கிறவங்களைக் கூப்பிட்டாச்சு, யாரும் எடுக்கல, கேர் கோஆர்டினேட்டர் போட்டு நீங்களே அப்பாயின்ட்மென்ட் பிடிச்சுக்குடுங்க"ன்னு கேளுங்க. நெட்வொர்க்ல, அதாவது பிளானோட கான்ட்ராக்ட் வச்சிருக்கிறவங்கள்ல, ஆள் கிடைக்கலன்னா வெளிய இருக்கிறவரை பிளான் செலவுல பாக்க வைக்கணும்னு ஃபெடரல் மெடிக்கெய்ட் விதியே இருக்கு, அதை நெட்வொர்க் அடிக்குவசின்னு சொல்லிக் கேட்டா ஃபோன்ல குரலே மாறும். கூப்பிட்ட கிளினிக் பேரு, தேதி, என்ன சொன்னாங்கன்னு ஒரு நோட்ல எழுதி வைங்க, க்ரீவன்ஸ், அதாவது பிளான் மேல புகார், போடணும்னா அதுதான் சாட்சி. அப்பவும் நகரலன்னா ஆஃபீஸ் ஆஃப் பிஹேவியரல் ஹெல்த் அட்வகசின்னு ஸ்டேட்ல ஒண்ணு இருக்கு, இலவசமா உங்களுக்காகப் பேசுவாங்க.

இந்த லிஸ்ட் கோளாறு உங்க பிளானுக்கு மட்டும் இல்ல. 2023ல செனட் ஃபைனான்ஸ் கமிட்டி ஆளுங்க மெடிகேர் அட்வான்டேஜ் பிளான்களோட மனநல லிஸ்டை வச்சு 120 கால் போட்டுப் பாத்தாங்க, அப்பாயின்ட்மென்ட் கிடைச்சது 18 சதவீதம்தான். அது வயசானவங்க பிளான், நம்மது வேற, ஆனா நோய் ஒண்ணுதான். ஆஃபீஸ்ல உக்காந்து இந்த லிஸ்டைப் போட்டு கணக்குக் காட்டிடுறாங்க, உடம்பு முடியாதவன்தான் ஒவ்வொரு நம்பரா அடிச்சு அடிச்சு மனசு ஒடிஞ்சு போறான்.

இன்னொரு வழி, பிடிச்ச கிளினிக் ஒண்ணு வேற கம்பெனியோட ஆப்பிள் ஹெல்த்தை எடுக்குதுன்னு உறுதியாத் தெரிஞ்சா பிளானையே மாத்திக்கலாம், எப்ப வேணா மாத்தலாம், பெரும்பாலும் அடுத்த மாசம் ஒண்ணாம் தேதில இருந்து வரும்.

டாலஸ்_தாத்தா:

நான் டெக்சாஸ். இதே வழி இங்கயும் செல்லுமாப்பா? எங்க மருமகப் பையனுக்கு வேலை போயிடுச்சு, தூக்கமே இல்லாம இருக்கான்.

பெல்வியூ_வாசி:

இல்ல ஐயா, ஸ்டேட்டுக்கு ஸ்டேட் ரொம்ப மாறும். வாஷிங்டன் மெடிக்கெய்டை குழந்தை இல்லாத பெரியவங்களுக்கும் சேத்து விரிவுபடுத்தின ஸ்டேட், 2025 கணக்குப்படி தனி ஆளுக்கு வருஷ வருமானம் 21,597 டாலர் வரைக்கும் கிடைக்கும். டெக்சாஸ் விரிவுபடுத்தல, குழந்தை இல்லாத, ஊனம் இல்லாத பெரியவருக்கு வருமானமே இல்லன்னாலும் கிடைக்காது. நர்ஸ் ப்ராக்டிஷனர் அங்க மருந்து எழுதணும்னா ஒரு டாக்டரோட ஒப்பந்தம் வேணும். உங்க ஊர்ல கம்யூனிட்டி ஹெல்த் சென்டர்லயும் கவுன்ட்டி மனநல மையத்துலயும் வருமானத்துக்கு ஏத்த ஃபீஸ்ல பாப்பாங்க, 211ங்கிற உதவி நம்பருக்குக் கூப்பிட்டா பக்கத்துல எதுன்னு சொல்வாங்க. தூக்கமில்லாம தப்பான நினைப்பு ஏதும் வந்தா யோசிக்காம 988ங்கிற தற்கொலைத் தடுப்பு நம்பருக்குக் கூப்பிடச் சொல்லுங்க, எந்த ஸ்டேட்லயும் இன்ஷூரன்ஸ் கேக்கமாட்டாங்க.

ரென்டன்_அக்கா:

அப்டேட். பழைய ஆஃபீஸ்ல ப்ரிட்ஜ் ரீஃபில் எழுதிட்டாங்க, மாத்திரை பார்மசில ரெடி. கம்யூனிட்டி ஹெல்த் சென்டர்ல ப்ரைமரி கேர் அப்பாயின்ட்மென்ட் கிடைச்சிடுச்சு, அங்கயே சைக்கியாட்ரிக் ஏஆர்என்பி இருக்காங்க, ஆனா முதல்ல தெரபிஸ்ட் ஒருத்தர் இன்டேக் பண்ணின பிறகுதான் மருந்து ஆளைப் பாக்க முடியுமாம். தம்பிக்கு இதுல கோவம், கதையை மறுபடி முதல்ல இருந்து சொல்லணுமான்னு கேக்குறான். போறதுக்கு முன்னாடி என்ன தயார் பண்ணணும்?

கென்ட்_நர்ஸ்:

ரொம்ப சந்தோஷம். இன்டேக் முதல்ல வைக்கிறது நெறைய எடத்துல உள்ள வழக்கம்தான், தவிர்க்க முடியாது, போயிட்டு வந்துடட்டும். கதை சொல்ற பாரத்தைக் குறைக்க ஒரே ஒரு பக்கத்துல எழுதிக் குடுங்க: எந்த வயசுல ஆரம்பிச்சது, இதுவரைக்கும் எடுத்த மருந்தெல்லாம் எந்த டோஸ்ல எவ்ளோ நாள், எது ஒத்துக்கல, ஏன் நிறுத்தினாங்க, ஆஸ்பத்திரில சேந்தது உண்டா, வீட்ல யாருக்காவது பைபோலாரோ தற்கொலையோ இருந்திருக்கா. கடைசி விஷயத்தை நம்ம வீடுகள்ல மறைப்பாங்க, தெரிஞ்சதை எழுதிடுங்க, மருந்து தேர்ந்தெடுக்க அது ரொம்ப முக்கியம். மாத்திரை பாட்டிலை அப்படியே எடுத்துட்டுப் போகட்டும். இந்தியால எடுத்த மருந்து ஏதாவது இருந்தா பிராண்டு பேரோட ஜெனரிக் பேரையும் எழுதுங்க, இங்க பிராண்டு பேரு புரியாது.

கவுன்ட்டர்ல ஏதாவது பேப்பர் நீட்டி பிளான் குடுக்கலன்னா நானே கட்டுறேன்னு கையெழுத்துக் கேட்டா, படிக்காமப் போட வேண்டாம், ஆப்பிள் ஹெல்த் கவர் பண்ற சேவைக்கு அவர்கிட்ட காசு வாங்கக் கூடாது.

இன்னொண்ணு, இப்ப அவசரம் இல்ல, ஆனா அந்த ஏஆர்என்பிகிட்ட ரெண்டாவது மூணாவது விசிட்ல பேசி வைங்க. 2025 ஜூலைல வந்த ஃபெடரல் சட்டப்படி 2027 ஜனவரிக்குள்ள தம்பிக்குக் கிடைச்ச இந்த விரிவுபடுத்தின வகை மெடிக்கெய்ட்ல இருக்கிற 19ல இருந்து 64 வயசுக்காரங்க மாசம் 80 மணி நேரம் வேலையோ படிப்போ காட்டணும், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ரினியூவலும் வரும். வேலைக்குப் போகமுடியாத அளவு மனநலப் பிரச்சனை இருக்கிறவங்களுக்கு விலக்கு இருக்கு, ஆனா அதை யாராவது எழுத்துல குடுக்கணும். தம்பி அதுக்குள்ள வேலைக்குப் போயிடலாம், போகணும்னுதான் நானும் வேண்டிக்கிறேன், இருந்தாலும் கிளினிக்கோட ரெக்கார்டுல பதிவு இருக்கட்டும். ஹெல்த்பிளான்ஃபைண்டர்ல அட்ரஸும் ஃபோன் நம்பரும் சரியா இருக்கான்னு இன்னைக்கே பாத்துடுங்க, ரினியூவல் லெட்டர் பழைய வீட்டுக்குப் போய் கவரேஜ் போனவங்களை கிளினிக்ல தினமும் பாக்குறேன்.

ரென்டன்_அக்கா:

அட்ரஸ் பழைய அபார்ட்மென்ட்லதான் இருந்துச்சு, இப்ப மாத்திட்டேன். ஒரு பக்கக் கதையை அவனே உக்காந்து எழுதிட்டிருக்கான். இன்டேக் முடிஞ்சதும் இங்கயே வந்து என்ன ஆச்சுன்னு எழுதுறேன், ரென்டன் பக்கம் வேற யாருக்காவது உதவும்.