பள்ளியில் நம் பிள்ளைகளின் பாதுகாப்பு: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கோவை, ஒரு அம்மா

என் மகனுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம். ஓரிரு சொற்கள்தான் பேசுவான். பெரிய சத்தம் கேட்டால் ஓடுவான், தண்ணீரைக் கண்டால் இறங்கிவிடுவான். சேர்க்கும்போதே இதையெல்லாம் பள்ளியில் எழுதிக் கொடுத்திருந்தேன்.

ஆண்டுவிழா ஒத்திகையில் ஸ்பீக்கர் அலறியதும் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டான். நாற்காலி இறக்க வந்த வண்டிக்காக கேட்டைத் திறந்துவைத்திருந்தார்கள். எதிரில் இளநீர் விற்கும் அண்ணன்தான் சீருடையைப் பார்த்து ஓடிவந்து பிடித்து நிறுத்தினார். தெருமுனையில் வாய்க்கால் ஓடுகிறது. நினைத்தாலே இன்றும் கை நடுங்குகிறது.

பள்ளி சொன்ன தீர்வு: "இனி விழா நாட்களில் அனுப்பாதீங்க, அதுதான் அவனுக்குப் பாதுகாப்பு."

நான் ஒப்புக்கொள்ளவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 16ஆவது பிரிவு, அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் விளையாட்டு, பொழுதுபோக்கிலும் இவர்களுக்குச் சம வாய்ப்பு தர வேண்டும் என்கிறது. அதை அச்செடுத்து முதல்வர் மேசையில் வைத்தேன். "எல்லாரும் பார்த்துக்கிறோம்" என்ற பதில் எனக்கு வேண்டாம், எந்த நேரத்தில் யார் பொறுப்பு என்று பெயர் எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். இப்போது ஓர் ஆயா அக்கா இருக்கிறார். சத்தம் தொடங்குவதற்கு முன்பே அவனை நூலகத்துக்கு அழைத்துப் போகிறார். கேட்டின் மேல்பக்கத்தில் இன்னொரு தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்கள்.

உங்கள் பள்ளிகளில் எப்படி?

திருச்சி பக்கம், ஒரு அப்பா

மகளுக்குப் பெருமூளை வாதம், அரசுப் பள்ளி. சாய்தளம் இருக்கிறது, ஆனால் ரொம்பச் செங்குத்து. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. இங்கே அதில் பாதிகூட இல்லை. இறங்கும்போது சக்கர நாற்காலி முன்பக்கம் சாய்ந்து நெற்றியில் தையல் போட்டோம்.

அதைவிடப் பயந்தது சத்துணவு முட்டைக்குத்தான். அவளுக்கு விழுங்குவது சிரமம். நாற்காலியில் சாய்ந்தபடி இருந்தவளுக்குத் தோழி ஒருத்தி அன்பாகப் பாதி முட்டையை ஊட்டிவிட, புரையேறி முகமே நீலமாகிவிட்டது. ஆசிரியை முன்பக்கம் குனியவைத்து முதுகில் ஓங்கித் தட்டியதில் வெளியே வந்தது. அப்புறம் "முட்டை வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடுங்க" என்றார்கள். எலும்பும் தோலுமாக இருக்கும் பிள்ளைக்கு முட்டையை நிறுத்துவதா? வட்டார வள மையத்திலிருந்து வரும் இயன்முறை மருத்துவரிடம் போனேன். அவர் சமையலர் அக்காவுக்கே செய்து காட்டினார்: நிமிர்ந்து உட்கார வேண்டும், தாடை லேசாகக் கீழே இருக்க வேண்டும், முட்டையைக் குழம்புச் சோற்றில் நன்றாக மசிக்க வேண்டும், ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய். இப்போது தினமும் சாப்பிடுகிறாள். சாய்தளத்துக்காகப் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறோம், வேலை இன்னும் தொடங்கவில்லை.

சிறப்பாசிரியர், விழுப்புரம் மாவட்டம்

நான் பார்த்தவரை, நம் பிள்ளைகளை விலக்கிவைக்கவே இந்தப் "பாதுகாப்பு" என்ற காரணம் அதிகம் பயன்படுகிறது. வலிப்பு வரும் ஒரு மாணவனிடம் "இனி வராதுன்னு டாக்டர் சர்டிபிகேட் வாங்கி வா" என்றார்கள். எந்த மருத்துவரும் அப்படி எழுதித் தர முடியாது. வகுப்பில் வலிப்பு வந்தபோது கையில் சாவிக்கொத்தைத் திணித்து, வாயில் கரண்டியை வைத்ததில் பல் உடைந்தது. இரும்பால் எந்தப் பயனும் இல்லை. வாயில் எதையும் வைக்கக் கூடாது. பக்கவாட்டில் படுக்கவைத்து, தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. இதை எல்லா ஆசிரியர்களுக்கும் செய்து காட்டினேன், பையன் தொடர்ந்து வருகிறான்.

இன்னொரு பள்ளியில் ஓடும் பிள்ளையைத் துப்பட்டாவால் நாற்காலியோடு கட்டியிருந்தார்கள். அதுவும் "பாதுகாப்பு"தானாம். நானே அவிழ்த்துவிட்டேன். 2001இல் ஏர்வாடி மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. தலைமையாசிரியரிடம் அதைத்தான் சொன்னேன். உங்கள் பிள்ளையைக் கட்டிவைப்பது தெரிந்தால் தயங்காமல் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசுங்கள்.

கோவை, அதே அம்மா

சார், ஏர்வாடி பற்றிப் படித்ததும்தான் ஒன்று உறைத்தது. எங்கள் பள்ளியில் தீயணைப்பு ஒத்திகை நடக்கும் நாளில் இவனை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். நிஜமாகத் தீப்பிடித்தால் இவனை யார் கூட்டி வருவார்கள், எந்தப் படி வழியாக? அடுத்த ஒத்திகையில் இவனும் இருக்க வேண்டும் என்று இன்றே கடிதம் கொடுக்கிறேன். மணிச் சத்தம் தாங்காத பிள்ளைகளை வைத்து ஒத்திகை நடத்திய அனுபவம் இருந்தால் கொஞ்சம் விவரமாக எழுதுங்கள்.